கிருஷ்ணா ரெட்டி: ஒரே தகட்டில இவ்வளவு நிறம் எப்பிடி வந்தது?

பனங்கூடல் எழுதியது:

அண்ணைமார், அக்காமார், வணக்கம்.

இந்தியக் கலைஞர் கிருஷ்ணா ரெட்டியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதவேணும். தமிழில கிடைக்கிறதெல்லாம் "ஒரே பிளேற்றில (அச்சுத் தகட்டில) பல நிறம் எடுத்தவர்" எண்டதோட நிண்டுபோகுது. அவர் ஓவியரோ, சிற்பியோ, அச்சுக்காரரோ? எதால அவரைப் பெரிய ஆள் எண்டு சொல்லீனம்? வெறும் தொழில்நுட்பத்தாலயோ?

ரெண்டாவது, அந்த முறையை யாழ்ப்பாணத்தில கிடைக்கிற சாமானோட செய்யேலுமோ? செய்து பாத்ததில வந்த முடிவு இது: 20×25 சென்ரிமீற்றர் நாகத் (துத்தநாகத்) தகடு, ஒருக்கா அசிற்றில அரிச்சது. அச்சகத்து ஓவ்செற் மை, ஒரு நிறத்துக்குத் தேங்காயெண்ணெய் கலந்தது. 4 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சின்ன றப்பர் றோலர் ஒண்டுதான், அதாலயே ரெண்டு நிறமும் ஓட்டினது. மஞ்சளும் நீலமும் போட்டும் முழுக்கச் சேத்துக் கலர். பேப்பரின்ர பின்பக்கத்தில எண்ணெய் ஊறின வளையம். ஒரு கிழமை போயும் காயேல்லை. எங்க பிழை?

---

சுவடி எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் நான் வாறன். அச்சு வேலைக்கு மற்றவை வருவினம்.

ரெட்டி 1925இல் ஆந்திராவின் சித்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் படித்தார். அதற்குப் பிறகு நாங்கள் கவனிக்கவேண்டிய இடம் ஒன்று வருகிறது: 1940களின் கடைசியில் சென்னைக் கலாக்ஷேத்திராவில் ஓவியப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தார். அங்கேதான் சிற்பத்தின் பக்கம் திரும்பினார். பிறகு லண்டன் ஸ்லேட் கலைக்கல்லூரியில் ஹென்றி மூர், பாரிஸில் ஒசிப் சத்கின், மிலானில் மரினோ மரினி. இந்த மூன்று பேரும் சிற்பிகள். அச்சுக்கலை ஆசிரியர் ஒருவரும் இந்த வரிசையில் இல்லை. உங்கட கட்டுரைக்கு இதுதான் திறப்பு.

பாரிஸில் ஸ்ரான்லி வில்லியம் ஹேற்றர் நடத்திய அதெலியே 17 என்ற பட்டறைக்குள் அவர் போனது 1950களின் தொடக்கத்தில். 1960களின் நடுப்பகுதியில் அதே பட்டறையின் இணை இயக்குநர். 1972இல் பத்மஸ்ரீ. 1976இல் நியூயோர்க் போய், அங்குள்ள பல்கலைக்கழகத்தில் அச்சுக்கலைத் துறையை நடத்தினார். 2018 ஓகஸ்ரில் அங்கேயே காலமானார்.

"ஓவியரோ சிற்பியோ" என்று கேட்டால், தகட்டில் சிற்பம் செய்தவர் என்பேன். மற்றவர்களுக்குத் தகடு என்பது கோடு கீறுகிற இடம். அவருக்கு அது குடைகிற இடம். அசிற்றில் அரித்த பிறகும் உளியாலும் சுரண்டியாலும், சில வேளை மின்கருவியாலும் தகட்டில் மேடு பள்ளம் உண்டாக்குவார். அவருடைய தகடுகளை அச்சுகளோடு பக்கத்தில் வைத்துக் காட்சிக்கு விடுவது இதனால்தான். மை பூசாமலே அவை தனியாக நிற்கக்கூடிய புடைப்புச் சிற்பங்கள்.

வளர்ச்சியை வருட வரிசையில் பார்த்தால் விளங்கும். 1952இல் செய்த "பூச்சி", "மீன்" இரண்டிலும் உருவம் இன்னும் அடையாளம் தெரிகிறது, கோட்டுக்குத்தான் ஆட்சி. 1959 "அல்லிகள்" வரும்போது கோடு கரைந்து ஒரு வலைப்பின்னல் ஆகிறது. 1963இன் "அலை", "நீர்ச்சுழி" இரண்டும் உச்சம். பொருள் என்று ஒன்றும் இல்லை, பொருள் அசைகிற விதம்தான் படம். 1968இல் பாரிஸ் மாணவர் கிளர்ச்சிக் காலத்தில் "ஆர்ப்பாட்டக்காரர்". 1981 "பெரிய கோமாளி"யில் ஒரே தகட்டை வெவ்வேறு நிறச் சேர்க்கையில் திரும்பத் திரும்ப அச்சிட்டிருக்கிறார். ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதைப் பார்த்தால் வேறு படம் போல இருக்கும்.

"நீர்ச்சுழி"யின் நல்ல பிரதி ஒன்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். தூரத்தில் ஊதா என்று தெரிகிற இடத்தில் கிட்டப்போனால் ஊதா மை இல்லை. ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம் புள்ளி புள்ளியாகக் குந்தியிருக்கும், இடையில் முதல் நிறம் எட்டிப்பார்க்கும். கலந்த நிறம் வேறு, பக்கத்தில் இருந்து கண்ணில் கலக்கிற நிறம் வேறு. உங்கட சேற்றுக் கலருக்கும் அவருடைய ஊதாவுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

---

ஈயத்தட்டு எழுதியது:

சுவடி அண்ணை சொன்னதில இருந்துதான் தொடங்கவேணும். தம்பி, உங்கட பிளேற்றை "ஒருக்கா அரிச்சது" எண்டு எழுதியிருக்கிறீங்கள். அங்கயே அரைவாசிப் பிழை. இந்த முறையில நிறத்தைப் பிரிக்கிறது ஆழம். ஆழ வித்தியாசம் இல்லாட்டி, கட்டியா ஒண்டு மெத்தா ஒண்டு எண்டு ரெண்டு றோலர் எடுத்தாலும் ரெண்டும் ஒரே இடத்தைத்தான் தொடும்.

மூண்டு மட்டம் வேணும். மேல் மட்டம் அரிக்காத தகடு. நடு மட்டம் அரை மில்லிமீற்றர் அளவு கீழ. அடி மட்டம் ஒரு மில்லிமீற்றரை அண்டி. இதைத் தாங்கத் தகடு ஒண்டரை மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது, ரெண்டு எண்டால் நல்லம்.

மை மூண்டு விதம். பள்ளக் கோடுகளுக்கு ஒண்டு, மேல் மட்டத்துக்கு எண்ணெய் கனக்க உள்ள தண்ணி மை, நடு மட்டத்துக்கு எண்ணெயே சேக்காத இறுக்க மை. றோலர் ரெண்டு விதம்: கட்டி றோலர் ஷோர் அளவில (றப்பரின்ர இறுக்கத்தைச் சொல்லுற அளவு) 50, 60, மெத்து றோலர் 20, 25. கட்டியானது மேல் மட்டத்தை மட்டும் தொடும். மெத்தானது அமத்தினால் பள்ளத்துக்குள்ள இறங்கும்.

வேலை ஒழுங்கு இப்பிடி. முதல் பள்ள மையைக் காட் துண்டால தகடு முழுக்க இழுத்து நிரப்பவேணும். கஞ்சி போட்ட வலைத்துணியால வட்டமாத் துடைச்சு, கடைசியாப் பேப்பர்த் தாளால மேற்பரப்பை வெள்ளையா எடுங்கோ. இந்த மை இறுக்கமா இருக்கவேணும். இளகலா விட்டால் பின்னால வாற றோலர் பள்ளத்துக்குள்ளால அதை இழுத்துக்கொண்டு வரும். பிறகு கட்டி றோலரில தண்ணி மையை மெல்லிசாப் பூசி, அமத்தாமல், ஒரே ஒரு ஓட்டம். அதுக்குப் பிறகு மெத்து றோலரில இறுக்க மையை எடுத்து, நல்லா அமத்தி, ஆறுதலா ஒரே ஓட்டம். உடன பிறஸ்ஸுக்குள்ள.

ஏன் கலக்காது எண்டால்: றோலர் தகட்டை விட்டு எழும்பேக்க மைப் படை எங்கயோ ஒரு இடத்தில பிரியவேணும். எது இளக்கமோ அதுக்குள்ளதான் பிரியும். மேல் மட்டத்தில தண்ணி மை ஏற்கெனவே இருக்கு. இறுக்க மை அதைத் தொட்டாலும், எழும்பேக்க தண்ணி மைதான் ரெண்டாக் கிழியும், இறுக்க மை றோலரோடயே போயிடும். நடு மட்டத்தில தண்ணி மை இல்லை, அங்க இறுக்க மை பிடிக்கும். ஒழுங்கை மாத்தி இறுக்க மையை முதல் ஓட்டினால், பிறகு வாற தண்ணி மை அதுக்கு மேல வடிவா ஒட்டிப்போடும். மேல் மட்டம் முழுக்க ரெண்டும் ஒண்டாகும்.

இதில ஒரு கள்ளம் இருக்கு. தண்ணி மை ரெண்டாக் கிழிஞ்சதெண்டால் பாதி எங்க போனது? மெத்து றோலரில. அதால ஒரு ஓட்டம் முடிஞ்ச றோலரைத் திருப்பித் தகட்டில வைக்கவே கூடாது. கண்ணாடியில உருட்டி மையை எடுத்து, துடைச்சு, புதுசா மை ஏத்தித்தான் அடுத்த பிரதி. ஒரே றோலரால ரெண்டு நிறமும் ஓட்டினால் சேறுதான் வரும், வேற ஒண்டும் வராது.

றோலரின்ர சுற்றளவு தகட்டின்ர நீளத்தை விடப் பெரிசா இருக்கவேணும். 4 சென்ரிமீற்றர் விட்டத்துக்குச் சுற்றளவு பன்னிரண்டரை. உங்கட தகடு 25. முதல் பன்னிரண்டரையில ஏறின படத்தின்ர பேய் நிழல் அடுத்த பாதியில விழும். தகட்டைச் சின்னனாக்குங்கோ: 10×12.

எண்ணெய்க்கு வருவம். தேங்காயெண்ணெய் காயாத எண்ணெய். எத்தினை கிழமை வைச்சாலும் காயாது, பேப்பருக்குள்ள பரவி அந்த வளையத்தைத்தான் விடும். நல்லெண்ணெயும் பாதிக்குத்தான் காயும். ஆளிவிதை எண்ணெய்தான் வேணும், பெயின்ற் கடையில லின்சீட் ஒயில் எண்டு கேளுங்கோ, காய்ச்சாதது. காய்ச்சினதுக்குள்ள உலர்த்தி போட்டிருக்கும், றோலரிலயே ஆடை கட்டும்.

அளவு: தண்ணி மைக்கு மையும் எண்ணெயும் சமபங்கில தொடங்கி, கத்தியில தூக்கினால் தேன் மாதிரி அறாமல் ஒழுகுற பதம் வரைக்கும். இறுக்க மை கத்தியில தூக்கினால் விழக்கூடாது. அச்சகத்து ஓவ்செற் மை ரின்னால எடுத்தபடியே இதுக்குச் சரி. இன்னும் இறுக்கவேணும் எண்டால் மக்னீசியம் காபனேற் தூள் சேக்கலாம்.

தகட்டில வைக்க முதல் கண்ணாடியில சோதிச்சுப் பாருங்கோ. தண்ணி மையில ஒரு பட்டை உருட்டி, அதுக்குக் குறுக்கால இறுக்க மை றோலரை ஒருக்கா ஓட்டுங்கோ. பட்டையைக் கடக்கிற இடத்தில நிறம் மாறாமல், ரெண்டு பக்கமும் வெறும் கண்ணாடியில மட்டும் இறுக்க மை பிடிச்சிருந்தால் பதம் சரி. கடக்கிற இடத்தில புள்ளி புள்ளியாப் பிடிச்சிருந்தால் எண்ணெய் வித்தியாசம் கொஞ்சம் காணாது. முழுக்கப் பிடிச்சால் காணவே காணாது. அந்த நடு நிலைப் புள்ளியைத்தான் ரெட்டி வேணுமெண்டே வரவைச்சவர். எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக் கூட்டிக் குறைச்சுத்தான் அதைப் பிடிக்கேலும்.

இன்னொண்டு, எங்கட ஊர் வெக்கை. மை சூட்டில இளகும். விடிய ஆறு மணிக்குச் சரியா இருந்த இறுக்க மை, சித்திரை மாதத்தில பதினொரு மணிக்கு அரைத் தண்ணியாப் போயிருக்கும். ரெண்டு மைக்கும் இடையில உள்ள வித்தியாசம் சுருங்க, ஒரு மை மற்றதை விலத்துறது நிண்டுபோகும். காலமை வேலை செய்யுங்கோ. வெயில் ஏறினால் கண்ணாடிச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கோ.

---

கேணியடி எழுதியது:

ரெண்டு விசயம் சொல்லிப்போட்டுப் போறன்.

ஒண்டு, "ரெட்டி கண்டுபிடிச்சார்" எண்டு கட்டுரையில எழுதாதேங்கோ தங்கச்சியோ தம்பியோ. அதெலியே 17 ஒரு கூட்டுப் பட்டறை. ஹேற்றர், ரெட்டி, பம்பாயில பிறந்த கைகோ மோதி மூண்டு பேருக்கும் அதில பங்கு இருக்கு. ஆர் முதல் எண்டு பிடுங்குப்படுறதை விட, ஆர் அதை எதுக்குப் பாவிச்சவை எண்டு எழுதினால் கட்டுரைக்குப் பெறுமதி. ஹேற்றருக்குக் கோடுதான் உயிர், நிறம் கோட்டுக்குப் பின்னால நிக்கும். ரெட்டிக்குத் தகட்டின்ர உயரமே நிறம். அதே பட்டறையில 1960களில ஹேற்றரோட வேலை செய்த சரீனா ஹாஷ்மி இந்த நிறங்களை எல்லாம் விட்டுப்போட்டு, மரவெட்டில கறுப்புக் கோட்டுக்குப் போனவர். ஒரே வாசலால போனவை எல்லாரும் ஒரே மாதிரி வரேல்லை. ரெட்டி 1988இல தன்ர முறையைப் பற்றி முழுப் புத்தகமே எழுதினவர். அதில அவர் பாவிக்கிற சொல் "ஒரே நேர நிற அச்சு" எண்ட கருத்தில வரும். இந்த முறையை நாங்கள் "பிசுக்கு அச்சு" (விஸ்கோசிற்றி பிரின்ரிங்) எண்டு சொல்லுறது மையின்ர குணத்தை மட்டும் பிடிக்குது, அவர் முக்கியம் எண்டு நினைச்சதைப் பிடிக்கேல்லை.

ரெண்டாவது, அசிற். நைற்றிக் அசிற் நாகத்தை அரிக்கேக்க வாற மண்ணிறப் புகை நுரையீரலுக்குக் கூடாது. வீட்டு விறாந்தையில செய்யிற வேலை இல்லை. அரை மில்லிமீற்றர் ஆழத்துக்கு அதை மணிக்கணக்கில விடவேணும் எண்டதையும் யோசியுங்கோ. நாகத் தகட்டுக்கு மயில்துத்தமும் (செப்பு சல்பேற்) உப்பும் காணும்: ஒரு லீற்றர் தண்ணிக்கு மயில்துத்தம் 50 கிராம், கறி உப்பு 50 கிராம். விவசாய மருந்துக் கடையில மயில்துத்தம் இருக்கும். அந்தப் புகை இதில வராது. செம்பு மண்ணிறச் சேறாப் பிரிஞ்சு தகட்டில படியும், அதை மெல்லிய தூரிகையால அடிக்கடி தட்டவேணும், இல்லாட்டி அரிப்பு ஒரு இடத்தில நிண்டு ஒரு இடத்தில ஓடும். தகட்டை நிமித்தி நிறுத்தினால் சேறு தானா விழும். நீலம் வெளிறினால் கரைசல் முடிஞ்சுது எண்டு அர்த்தம். அலுமினியத் தகட்டை இதுக்குள்ள போடேக்க கவனம், கொதிச்சு எழும்பும்.

பாவிச்ச கரைசலை வளவுக்குள்ள ஊத்தாதேங்கோ. எங்கட நிலம் சுண்ணாம்புக்கல், வெடிப்பும் ஓட்டையும். மேல ஊத்தினது கிணத்துக்குப் போக நாள் எடுக்காது. சலவைச் சோடா கரைச்சு விட்டால் செம்பு பச்சை நீலச் சேறா அடியில இறங்கும். வடிச்சுச் சேறைப் போத்தலில மூடி வைச்சு, நச்சுக் கழிவு எடுக்கிற ஆக்களிட்டைக் குடுக்கவேணும்.

ஆழமா அரிக்கேக்க இன்னொரு கரைச்சல்: கரைசல் கீழ மட்டும் போகாது, பக்கத்தாலயும், அரிக்காமல் விடவேண்டிய இடத்தில பூசின வார்னிஷுக்குக் கீழ தின்னும். அஞ்சு மில்லிமீற்றர் அகலத்தில விட்ட மேடு கடைசியில மூண்டாத்தான் மிஞ்சும். மேட்டை முதலே அகலமா விடுங்கோ, இடையில எடுத்துக் கழுவிக் காயவிட்டு விளிம்புக்குத் திரும்ப வார்னிஷ் பூசுங்கோ.

---

பனங்கூடல் எழுதியது:

மூண்டு பேருக்கும் நன்றி. பேய் நிழல் எப்பிடி வந்தது எண்டு இப்ப விளங்குது. மெத்து றோலர்தான் இடிக்குது. கொழும்பில விசாரிக்க, கேட்ட விலையில வாங்கவே ஏலாது. அசிற்றும் தகடும் இல்லாமல், நிறம் பிரியிறதை மட்டும் ஒருக்காக் கண்ணால பாக்க வழி இருக்கோ?

---

ஈயத்தட்டு எழுதியது:

இருக்கு. தகட்டை மறவுங்கோ, காட் மட்டையில கட்டுங்கோ. 10×12இல தடிச்ச மட்டை ஒண்டு அடித்தளம். அதுக்கு மேல அரை மில்லிமீற்றர் காட்டில வெட்டின வடிவத்தை வெள்ளைப் பசையால ஒட்டுங்கோ, அதுக்கு மேல இன்னும் சின்ன வடிவம் ஒண்டு. மூண்டு மட்டம் வந்திட்டுது. முன் பக்கம், பின் பக்கம், விளிம்பு எல்லாத்துக்கும் வார்னிஷ் ரெண்டு பூச்சு, ஒவ்வொண்டுக்கும் ஒரு நாள் காயவிடவேணும். வார்னிஷ் இல்லாட்டி மட்டை தண்ணி மையின்ர எண்ணெயைக் குடிச்சுப்போடும், பிறகு அது இறுக்க மையை விலத்தாது. பத்துப் பதினைஞ்சு பிரதி வரைக்கும் நிக்கும். ரெட்டி உளியால எடுத்த சரிவுகள் இதில வராது, படிக்கட்டு மாதிரித்தான் வரும், ஆனால் நிறம் பிரியிறதைத் தெளிவாக் காட்டும்.

மெத்து றோலருக்கு, ஓவ்செற் மெசின் வைச்சிருக்கிற அச்சகங்களில கேட்டுப் பாருங்கோ. தண்ணி பூசுற றோலரின்ர றப்பர் ஷோர் அளவில 25ஐ அண்டித்தான் இருக்கும், மாத்தேக்க பழசை எறிவினம். விட்டம் 6 சென்ரிமீற்றர் எண்டால் சுற்றளவு 18க்கு மேல, உங்கட 12க்குத் தாராளம். நீளமானதுதான், ரெண்டு பக்கத் தண்டிலயும் பிடிச்சு உருட்டலாம். துணி உறை போட்டிருந்தால் கழட்டுங்கோ. நகத்தால அமத்தினால் பள்ளம் விழுந்து திரும்ப எழும்பவேணும். கண்ணாடி மாதிரி மினுங்கினால் றப்பர் செத்துப்போச்சு, எடுக்காதேங்கோ. இப்ப கையில இருக்கிற சின்ன றோலரைக் கட்டி றோலரா வைச்சிருங்கோ.

துடைக்கிறதுக்கு மண்ணெண்ணெய் வேண்டாம், சாதாரண றப்பர் அதில ஊதும். சமையல் எண்ணெயால மையை இளக்கி, பிறகு சவுக்காரம். தேங்காயெண்ணெய் இந்த வேலைக்குத் திறம், ஆனால் சவுக்காரம் போட்டு முழுக்க எடுக்கவேணும், மிஞ்சினால் அடுத்த பிரதியில அதே வளையம். றோலரை மேசையில படுக்க வைச்சால் ஒரு பக்கம் தட்டையாகும், தண்டில தொங்கவிடுங்கோ.

பேப்பர் சதுர மீற்றருக்கு 250 கிராமுக்கு மேல உள்ள பஞ்சுக் கடதாசி, அரை மணித்தியாலம் ஊறவிட்டு ஒத்துத்தாளுக்கு நடுவில வைச்சு மேல் ஈரத்தை எடுங்கோ. மினுங்கக்கூடாது, தொட்டால் குளிரவேணும். வாடைக் காத்து மழையில ஈரப் பேப்பரை உறையில போட்டு ரெண்டு நாள் வைச்சால் பூஞ்சணம் பிடிக்கும், அண்டைக்கு வேணுமானதை அண்டைக்கே நனையுங்கோ.

---

சுவடி எழுதியது:

மட்டையில செய்யிற முதல் அச்சிலயே ஒரு பிரதியை மை இல்லாமல் வெறும் ஈரத் தாளில் எடுத்து வையுங்கோ. மேடு பள்ளம் மட்டும் வெள்ளையில் புடைச்சு நிற்கும். அதை நிற அச்சுக்குப் பக்கத்தில் கட்டுரையில் போட்டால், சிற்பம் பற்றி நான் மேலே எழுதின பந்தி தேவைப்படாது.

---

ஈயத்தட்டு எழுதியது:

ஓம், நல்ல யோசனை. பிறஸ்ஸுக்குள்ள விட முதல் அடி மட்டையின்ர நாலு விளிம்பையும் சரிவா அராவுங்கோ. நேர் விளிம்பு ஈரப் பேப்பரையும் வெட்டும், மெத்து றோலரையும் வெட்டும்.